அறுவடைக்குப் பின்னும் உழவு

முன்னுரை

குறிக்கோளை அடையும்வரை மனிதன் ஊக்கத்தோடு உழைக்கிறான். அடைந்தபின் அவ்வூக்கம் எங்கே போய்விடுகிறது? முதல் வகுப்பில் தேறிய மாணவர், தேர்வு முடிவு வெளிவந்த நாளோடு நூலை மூடிவிடுகிறார். பணியில் அமர்ந்த ஆசிரியர், முதலாண்டில் எழுதிய பாடக்குறிப்பையே ஓய்வு பெறும்வரை திருப்பிப் படிக்கிறார். தோல்வியில் துவண்டவரைத் தேற்றுவதற்குப் பலர் உளர். வெற்றியில் தேங்கியவரைத் தட்டி எழுப்புவார் அரியர். இத்தேக்கத்தை வெல்லும் வழியை நம் கரிசல் மண்ணிலேயே தேடிக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மண் கூறும் பாடம்

கோவில்பட்டிச் சீமை மானாவாரி பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்த பருத்தியும் கம்பும் சோளமும் வீடு வந்து சேர்ந்தபின் சம்சாரி சற்றே இளைப்பாறுகிறார். அவ்வோய்வு அவருக்கு உரியதே. ஆயினும் கோடை மழை ஒன்று விழுந்து மண் இளகியதும் ஏர் பூட்டிவிடுகிறார். அவ்வுழவால் உடனே விளைவது ஒன்றுமில்லை. ஆனால் களை அழிகிறது. மண்ணுள் மறைந்த கூட்டுப்புழுக்கள் வெயிலில் மடிகின்றன. அடுத்த மழைநீர் ஓடி வீணாகாமல் நிலத்துள் இறங்குகிறது. சென்ற ஆண்டின் விளைச்சல் வரும் ஆண்டிற்கு விதையாகலாம், உழவாகாது.

இடைசெவல் கூறும் பாடம்

கோவில்பட்டிக்கு அண்மையிலுள்ள சிற்றூர் இடைசெவல். அங்கு வேளாண்மை செய்து வாழ்ந்த கி. ராஜநாராயணன், கல்லூரிப் பட்டம் எதுவும் பெறாதவர். இளமை கடந்தபின் எழுத வந்தவர். 1976இல் ‘கோபல்ல கிராமம்’ வெளிவந்தது. ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காக 1991ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசு அவரை வந்தடைந்தபோது, அவர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். இனிப் போதும் என்று அவர் அமர்ந்திருந்தால் யார் குறை கூறியிருப்பர்?

அவர் அமரவில்லை. ‘அந்தமான் நாயக்கர்’ என்னும் நாவலை எழுதினார். சிற்றூர்களில் வாய்மொழியாய் வழங்கிய கதைகளைத் திரட்டும் பணியைத் தொடர்ந்தார். அதன் பயனாக ‘நாட்டுப்புறக் கதைக் களஞ்சியம்’ உருவாயிற்று. ‘அண்டரெண்டப் பட்சி’, ‘மிச்சக் கதைகள்’ ஆகியன அவர்தம் முதுமையின் இறுதிக் காலத்தில் வெளிவந்தவை. 2021 மே 17இல் புதுச்சேரியில் மறையும்வரை அவருள் இருந்த எழுத்தாளர் ஓய்வு பெறவில்லை.

இதற்குக் காரணம் யாது? அவர் பரிசை நோக்கி நடந்தவரல்லர். பரிசு அவர் நடந்த வழியில் எதிர்ப்பட்டது. மேலும், ஒரு பணி முடியுமுன்னரே மற்றொன்றை அவர் தொடங்கியிருந்தார். கரிசல் வட்டார வழக்குச் சொற்களைத் தொகுத்து 1982இலேயே அகராதி கண்டவர் அவர். நாவல் ஒன்று முடிந்தாலும் மக்களின் சொல்லும் கதையும் முடிந்துவிடுவதில்லை அல்லவா? மூன்றாவதாக, ‘கரிசல் கதைகள்’ தொகுப்பின் வழியாகப் பிற எழுத்தாளர்களையும் முன்னிறுத்தினார். தன் புகழோடு முடியும் குறிக்கோள் விரைவில் வறளும். பிறரையும் தாங்கும் குறிக்கோள் ஊறிக்கொண்டே இருக்கும்.

அதே இடைசெவலில் பிறந்தவர் அவர்தம் நண்பர் கு. அழகிரிசாமி. 1970ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்னரே அகாதெமி பரிசு அவருக்கு அறிவிக்கப்பெற்றது. பரிசைக் கண்ணால் காணாமையால் அவர் கதைகளின் பெருமை குறைந்ததா? இல்லை. பரிசு எல்லைக்கல், எழுத்தே நிலம்.

முடிவுரை

மாணவச் செல்வங்களே! பட்டம் பெறும் நாளில் மகிழுங்கள், பெற்றோரை மகிழ்வியுங்கள், சில நாள் இளைப்பாறுங்கள். ஆனால் பட்டம் பெறுமுன்னரே, தேர்வுக்கு வாராத ஒரு நூலை, மதிப்பெண் தாராத ஒரு பணியைத் தேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் முதியோரின் சொற்களைக் குறித்து வைப்பதும், தெருவில் ஒரு சிறுவனுக்குப் பாடம் சொல்லித் தருவதும் அத்தகைய பணிகளே. களம் நிறைந்த பின்னும் ஏரைத் தேடுபவரே நல்ல சம்சாரி.