ஒரு பாட்டைப் பிடித்தால் பத்துப் பாட்டு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் எடுத்தவர்கள் பலர் முதலில் தேடுவது பாட்டைத்தான். "பழைய தமிழ்ப் பாட்டு" என்று டைப் செய்தால் யாரோ தொகுத்த அதே பாடல்கள்தான் திரும்பத் திரும்ப வரும். நாம் நினைத்த பாட்டு அதில் இருக்காது.

ராசிபுரத்தில் என் அப்புச்சிக்கு ஒரு பாட்டு வேண்டியிருந்தது. கண் பார்வை குறைந்தபின் அவருக்குப் பாட்டுதான் துணை. ஆனால் வரி மறந்துவிட்டது. இரண்டு நாள் தேடித் தோற்றபின் கேள்வியை மாற்றினேன். "பாட்டை விடுங்க அப்புச்சி, படத்துல என்ன நடக்கும்?"

"பொண்டாட்டியைத் தள்ளிவிட மலை உச்சிக்குக் கூட்டிட்டுப் போவான். கடைசியில அவதான் அவனைத் தள்ளுவா. நம்ம சேலத்துல எடுத்த படம்டா."

இது போதுமே! கூகுளில் "மாடர்ன் தியேட்டர்ஸ் மலை உச்சி பாடல்" என்று டைப் செய்து என்டர் தட்டினேன். மந்திரி குமாரி, 1950. பாடியவர்கள் திருச்சி லோகநாதன், ஜிக்கி. யூடியூபில் ஓடவிட்டதும் அப்புச்சி தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். (1935ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய அந்த ஸ்டூடியோவின் முகப்பு வளைவு ஏற்காடு சாலையில் இன்னும் நிற்கிறது.)

பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் படத்தின் விக்கிபீடியா பக்கத்தைத் திறந்து இசையமைப்பாளர் பெயரை கிளிக் செய்திடுங்கள். இங்கே ஜி.ராமநாதன். அவர் இசையமைத்த படங்களின் பட்டியல் வரும். கர்நாடக இசை வேண்டுமா? பாகவதர் பாடிய ஹரிதாஸ் (1944). மேற்கத்திய பாணிக்கு உத்தம புத்திரன் (1958). பாரதியார் பாடல்களுக்குக் கப்பலோட்டிய தமிழன் (1961). ஒரே மனிதர் இத்தனை விதமாகப் போட்டிருக்கிறார் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. மாடர்ன் தியேட்டர்ஸின் வல்லவனுக்கு வல்லவன் (1965) பக்கம் போனால் வேதா வழியே இந்திக்குப் போய்விடலாம். அதன் மூலப்படம் உஸ்தாதோன் கே உஸ்தாத் (1963), இசை ரவி.

தேடும்போது ரீமிக்ஸ்களே வந்து தொல்லை கொடுத்தால், கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியை ஒட்டி "ரீமிக்ஸ்" என்று சேர்த்திடுங்கள். பெருமளவு வடிகட்டப்படும்.

மெட்டு மட்டும்தான் நினைவிருக்கிறதா? மொபைலில் கூகுள் ஆப்பின் மைக்கைத் தட்டி, பாடலைத் தேடும் வசதியைத் தேர்ந்தெடுத்து, பத்துப் பதினைந்து விநாடி முனகுங்கள். 2020ல் வந்த வசதி இது. குரலையும் வாத்தியத்தையும் விட்டுவிட்டு மெட்டின் ஏற்ற இறக்கத்தை மட்டும் ஒப்பிடுவதால் சுருதி கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை. அப்புச்சியின் நடுங்கும் குரலுக்கு மூன்றாவது முயற்சியில் சரியான பாட்டு வந்தது. அதே பாட்டை நான் முனகிப் பார்த்தேன், ஏதோ விளம்பரப் பாட்டைக் காட்டியது.