கண்கொத்திப் பாம்புக்கு விஷம் உண்டா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., விலங்கியல்)

'பாம்பென்றால் படையும் நடுங்கும்' என்பர். அந்த நடுக்கத்தில் எல்லாப் பாம்புகளையும் நாம் ஒன்றாகவே எண்ணிவிடுகிறோம். வேலியில் கொடியோடு கொடியாய்த் தொங்கும் பச்சைப் பாம்பு, கண்ணைக் கொத்தும் என்ற பழியாலேயே அடிபட்டுச் சாகிறது. அதற்கு உண்மையில் விஷம் உண்டா?

உண்டு. ஆனால் அது ஓணானுக்கும் தவளைக்கும் போதுமான அளவே. நாகத்துக்கும் விரியனுக்கும் நச்சுப் பற்கள் மேல்தாடையின் முன்புறத்தில், ஊசிபோல் உள்துளையுடன் இருக்கின்றன. பச்சைப் பாம்புக்கோ அவை பின்புறத்தில், வெறும் பள்ளக்கோட்டுடன் அமைந்துள்ளன. இரையைக் கவ்வி மென்றால்தான் நஞ்சு மெல்லக் கசியும். மனிதரைக் கடித்தால் பெரும்பாலும் வலி, சிறு வீக்கம், அரிப்பு, மரமரப்பு ஆகியவை தோன்றிச் சில நாட்களில் தணிந்துவிடும். பூனைப் பாம்பும் இவ்வகையினதே. அமெரிக்காவில் தேரைகளைத் தின்று வாழும் பன்றிமூக்குப் பாம்பின் கடியும் பெரும்பாலும் வீக்கத்தோடு நின்றுவிடும்.

ஆயினும் பின்பல் பாம்புகள் யாவும் தீங்கற்றவை என்று முடிவு கட்டலாகாது. சிகாகோ நகரில் பணியாற்றிய பாம்பியல் அறிஞர் கார்ல் ஷ்மிட், 1957-ல் பூம்ஸ்லாங் என்ற ஆப்பிரிக்கப் பின்பல் பாம்பின் குட்டி கடித்து, சிகிச்சை பெறாமலே இருந்து, மறுநாள் இறந்தார்.

நம் நாட்டில் மனித உயிரைப் பெரிதும் பறிப்பவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், 1978-ல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் இந்நான்கின் நஞ்சையே எடுக்கின்றனர். அந்நஞ்சைக் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் இரத்தத்திலிருந்து முறிமருந்து தயாரிக்கப்படுகிறது. எனவே அம்மருந்து பச்சைப் பாம்புக் கடிக்கு உரியதன்று, தேவையுமன்று. நம் மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2023-ல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். பாடநூல் தராத அறிவைப் பரம்பரை அனுபவம் அவர்களுக்குத் தந்திருக்கிறது.

நமக்கோ அந்தக் கண் இல்லை. நஞ்சில்லாத வெள்ளிக்கோல் வரையனும் கட்டுவிரியனும் இரவில் ஒன்றுபோலவே தோன்றும். தரையில் உறங்குவோரைக் கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ அதிகம் இராது. 'ஏதோ பூச்சி' என்று திரும்பிப் படுத்தவருக்குச் சில மணி நேரத்தில் இமைகள் சரிந்து, மூச்சும் திணறும். வீங்கிய கடி பிழைத்துப்போக, வீங்காத கடி உயிரைக் கொள்ளும் விந்தை இது!

ஆகவே, எது கடித்திருந்தாலும் கயிற்றால் இறுக்கிக் கட்டுதல், பிளேடால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல் வேண்டா. மோதிரம், வளையல், கொலுசு முதலியவற்றைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. அது விஷக்கடியா அன்றா என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். வேலியோரப் பச்சைப் பாம்பை அதன் வழியில் விட்டுவிடுவோம். கல்லூரியில் கற்ற இச்செய்தியை ஊரில் உள்ளோர்க்கு எடுத்துரைப்பது மாணவராகிய நம் கடமையாகும்.