விசாரிப்பவர் யார்?

கேள்வி: ஊரில் தம்பியின் கல்லூரி அணி மீது ஆள்மாறாட்டப் புகார். விசாரிப்பவரோ அந்த அணியின் மேலாளரான உடற்கல்வி இயக்குநர். "நல்ல மனுஷன்தான், விடுங்க" என்கிறார்கள். விடலாமா?
– ஒரு வாசகர், துவாஸ், சிங்கப்பூர்

பதில்: விடக்கூடாது. அவர் நல்லவரா என்பதல்ல கேள்வி; முடிவால் அவருக்கு லாப நஷ்டம் உண்டா என்பதே.

2013 ஐ.பி.எல். சூதாட்டப் புகாரை நினைத்துப் பாருங்கள். அப்போது கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்தவர் என். சீனிவாசன்; சென்னை சூப்பர் கிங்ஸின் அன்றைய உரிமையாளரான இந்தியா சிமெண்ட்ஸும் அவர் கையில் இருந்தது. கைதான குருநாத் மெய்யப்பன் அவருடைய மருமகன். வாரியமே இரண்டு ஓய்வுபெற்ற நீதிபதிகளை நியமித்தது. அவர்களும் தவறில்லை என்றார்கள். அந்தக் குழுவை அமைத்த விதமே செல்லாது என்றது பம்பாய் உயர் நீதிமன்றம். பிறகு உச்ச நீதிமன்றம் அமைத்த முத்கல் குழு, குருநாத் பந்தயம் கட்டியதை உறுதிசெய்தது.

சீனிவாசன் மூடிமறைத்தார் என்பது நிரூபணமாகவில்லை என்றே உச்ச நீதிமன்றத்தின் 2015 ஜனவரி 22 தீர்ப்பு சொன்னது. அப்படியும், நிர்வாகிகள் அணி வைத்திருக்க இடம் தந்த விதித் திருத்தத்தை ரத்து செய்தது. உங்கள் கேள்விக்கு இதுதான் நேரடிப் பதில்: குற்றம் செய்யாதவரானாலும் அந்த நாற்காலியில் அமரக்கூடாது.

தம்பியை இன்றே கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் மனு கொடுக்கச் சொல்லுங்கள். இரு அணிகளோடும் தொடர்பில்லாத, வேறு கல்லூரி ஆசிரியர் ஒருவர் விசாரிக்கட்டும். மனு பெற்றதற்கான கையொப்பத்தையும் மறக்காமல் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.