கழிவில் தங்கம்: கோலார் தரும் பாடம்

கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயலில் 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் தொடங்கிய சுரங்கத் தொழில், மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை சென்று, 2001 பிப்ரவரி 28இல் நின்றது. தமிழ்த் தொழிலாளர் பெருகி வாழ்ந்த அந்நகரில் எஞ்சி நிற்பவை சயனைடு மேடுகள். பாறையைத் தூளாக்கி, சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மண்ணே அவை. காற்று வீசுங்கால் அத்தூசி குடியிருப்புகளில் படிகிறது. தங்கத்தின் அடக்கவிலையில் இவ்விழப்பு சேர்க்கப்படவில்லை.

இன்று தங்கம் வேறொரு கழிவிலும் குவிகின்றது. 2022இல் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் கால் பங்கிற்கும் குறைவே முறையாக மறுசுழற்சி பெற்றது. மின்சுற்றுப் பலகைகளில் செம்பும் தங்கமும் உண்டு. அவற்றைத் திறந்தவெளியில் எரிப்பதும் அமிலத்தில் ஊறவைப்பதும் தொழிலாளரின் உடல்நலத்தைக் கெடுக்கும்.

நுண்ணுயிர்கள் மாற்றுவழி ஒன்றைக் காட்டுகின்றன. அசிடிதயோபாசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ் என்னும் பாக்டீரியா, ஃபெரஸ் இரும்பை ஃபெரிக் இரும்பாக மாற்றுகிறது. ஃபெரிக் இரும்பு செம்பைக் கரைத்து மீண்டும் ஃபெரஸ் ஆகிறது. பாக்டீரியா அதனைத் திரும்பவும் புதுப்பிக்கிறது. தங்கம் இதில் கரையாது. குரோமோபாக்டீரியம் வயலேசியம் என்னும் மற்றொன்று, தானே சிறிதளவு சயனைடு சுரந்து தங்கத்தைக் கரைக்கும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார், அட்டி தங்கச் சுரங்க நிறுவனத்துடன் இணைந்து, தங்கத் தாதுவில் நுண்ணுயிர் முறையைச் சோதித்துள்ளனர்.

இம்முறைக்கு உயர்வெப்ப உலை வேண்டாம். ஆயின் நாட்கள் பல ஆகும். பலகையிலுள்ள நச்சு உலோகங்கள் நுண்ணுயிர்களையே தளரச் செய்யும். எஞ்சும் அமிலத்தையும் சயனைடையும் நச்சு நீக்கியே வெளியேற்ற வேண்டும். அச்செலவைத் திட்டத்தின் முதற்கணக்கிலேயே சேர்த்தல் இன்றியமையாதது. தவறின், மற்றோர் ஊரில் மற்றொரு மேடு எழும்.