வேலையில் சேரும் முன் அறிய வேண்டியவை

வீட்டில் ஒருவர் நோயுற்றால் வரவு குறைகிறது, செலவு பெருகுகிறது. படித்துக்கொண்டிருக்கும் மகளோ மகனோ, நோயாளியை உடனிருந்து கவனிப்பவரோ, கிடைத்த வேலையில் உடனே சேர்ந்துவிட எண்ணுவது இயல்பு. சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோரும் அவ்வாறே எண்ணுகின்றனர். அந்த அவசரத்தில், சேரப்போகும் வேலை உண்மையில் எத்தகையது என்று விசாரிக்க மறந்துவிடுகிறோம். பொருந்தாத வேலை சில மாதங்களிலேயே இன்னொருவரையும் நோயாளியாக்கிவிடக்கூடும். ஆகவே இவ்விதழில் இதைக் குறித்துச் சிந்திப்போம்.

பணியின் பெயர் போதாது

வேடசந்தூர், வடமதுரை, நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் பகுதிகளில் நூற்பாலைகள் பல உள்ளன. 'ஆலையில் வேலை' என்ற ஒரே சொல்லுக்குள் பலவகைப் பணிகள் அடங்கியுள்ளன. பஞ்சுப் பொதிகளைப் பிரித்துத் தூய்மை செய்யும் புளோ ரூமிலும், அடுத்துள்ள கார்டிங் பகுதியிலும் பஞ்சுத்தூசி மிகுதி. நூற்கும் பகுதியில் அறுந்த இழைகளை இணைத்தபடி பணிநேரம் முழுவதும் நடக்க வேண்டும். இரைச்சலும் வெப்பமும் ஈரப்பதமும் உண்டு. எனவே எந்தப் பகுதியில் பணி, எந்த ஷிப்ட், இரவுப்பணி எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்பவற்றை முதலிலேயே கேட்டறிய வேண்டும்.

தோல் பதனிடும் தொழிலும் திண்டுக்கல்லில் நெடுங்காலமாக உண்டு. குரோமிய உப்புகளைக் கையாளுவோருக்குத் தோல் அழற்சியும் புண்களும் வரக்கூடும். அங்கே கையுறையும் காலணியும் நிர்வாகம் தருகிறதா, கைகழுவ நீர் உள்ளதா என்பவை முதன்மையான கேள்விகள்.

உடலுக்கு ஏற்ற வேலைதானா?

பஞ்சுத்தூசியை நெடுங்காலம் சுவாசிப்போருக்கு 'பைசினோசிஸ்' என்னும் நுரையீரல் நோய் வரலாம். வார விடுமுறை முடிந்து பணிக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகி மூச்சுத் திணறுவது இதன் தொடக்க அடையாளம். இந்நிலையில் தூசியை விட்டு விலகினால் நலம் திரும்ப வாய்ப்புண்டு. பொருட்படுத்தாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் பாதிப்பு நிலைத்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இப்பணியை ஏற்க வேண்டா. சேரும் முன் ஸ்பைரோமெட்ரி என்னும் மூச்சுப் பரிசோதனை செய்து அறிக்கையைப் பாதுகாத்தால், பின்னாளில் மாற்றம் ஏற்பட்டதா என ஒப்பிட்டறியலாம்.

இன்சுலின் போட்டுக்கொள்வோர் இரவுப்பணி குறித்தும், இரத்தசோகை உள்ள பெண்கள் நெடுநேரம் நிற்கும் பணி குறித்தும், வலிப்பு நோயர் இயந்திரங்களின் அருகில் பணிபுரிவது குறித்தும் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும்.

மொத்தத் தொகை என்னும் உறுதிமொழி

மூன்றாண்டுகள் விடுதியில் தங்கி வேலை செய்தால் இறுதியில் திருமணச் செலவுக்கு ஒரு தொகை தரப்படும் என்ற 'சுமங்கலித் திட்டம்' தமிழக நூற்பாலைகளில் பரவியிருந்ததை நாம் அறிவோம். உடல்நலம் குன்றி இடையில் வெளியேறிய பெண்கள் பலர் அத்தொகையை இழந்தனர். விடுதியை விட்டு வெளியே செல்லவும் வீட்டாரோடு பேசவும் தடைகள் இருந்தன. இறுதியில் தருவதாகச் சொல்லும் தொகை பெரும்பாலும் மாதந்தோறும் தந்திருக்க வேண்டிய ஊதியத்தின் பகுதியே என்பதை மறவாதிருப்போம்.

மருத்துவச் செலவுக்கென முன்பணம் வாங்கிப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்புவதும் ஆபத்தானது. கடன் தீரும்வரை வேலையை விட்டுச் செல்லக்கூடாது எனத் தடுப்பது கொத்தடிமை முறை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்துவிட்டது. முன்பணம் வாங்கும் முன், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அச்சிகிச்சைக்கு இடமுண்டா என மருத்துவமனையிலேயே கேளுங்கள்.

யாரிடம், எவற்றைக் கேட்பது?

ஆள் சேர்க்கும் தரகர் நல்லதை மட்டுமே சொல்வார். ஷிப்ட் முடிந்து ஆலை வேனிலிருந்து ஊரில் இறங்குவோரிடம் கேளுங்கள். இப்போது பணிபுரிபவர், ஓராண்டுக்குள் விலகியவர் என இருவரிடமும் கேட்பது நன்று. "வேலை எப்படி?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பதே விடையாகும். "நேற்று எத்தனை மணிக்கு வீடு திரும்பினீர்கள்? சென்ற மாதம் கைக்கு வந்த தொகை எவ்வளவு? காய்ச்சல் வந்தபோது விடுப்புக் கிடைத்ததா?" என்று கேட்டால் உண்மை புலப்படும்.

சட்டப்படி வாரத்திற்கு 48 மணி நேரமே வழக்கமான பணி. அதற்கு மேற்பட்ட நேரத்திற்கு இருமடங்கு ஊதியம் உண்டு. மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறுவோருக்கு ஈ.எஸ்.ஐ. பொருந்தும். தொழிலாளரின் பங்கு 0.75 விழுக்காடு, அதாவது 10,000 ரூபாய்க்கு 75 ரூபாய். அதனால் அவருக்கும் அவரைச் சார்ந்த குடும்பத்தினருக்கும் மருத்துவ வசதி கிடைக்கும். நோயாளி உள்ள வீட்டிற்கு, சற்றுக் கூடுதலான ஊதியத்தைவிட இதுவே பெரிதாக அமையலாம்.

பெண்கள் மேலும் ஒன்றைக் கேட்டறிய வேண்டும்: தொல்லை நேர்ந்தால் புகாரைக் கேட்பவர் யார்? பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடங்களில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். 2021 ஜனவரியில் நம் மாவட்டத்தில் ஆடைத் தொழிற்சாலைப் பெண் ஒருவர் கொல்லப்பட்ட துயரத்திற்குப் பின், 2022இல் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. பணித்தளப் பெண்களே பயிற்சி பெற்றுத் தொல்லைகளைக் கண்காணிக்க அது வழிவகுத்தது. நீங்கள் சேரவுள்ள இடத்தில் குழு உறுப்பினர்களின் பெயரைத் தொழிலாளர்கள் அறிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். உதவி தேவைப்படும் பெண்கள் 181 என்ற எண்ணையும், குழந்தைகளுக்காக 1098 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

விசாரிப்பதற்கு இரண்டு மூன்று நாள்கள் ஆகலாம். அத்தாமதத்தால் பெரும்பாலும் இழப்பு இல்லை. அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது, சேர எண்ணும் வேலையின் பகுதி, ஷிப்ட், பணிநேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். அவ்வேலை உங்கள் உடலுக்கு ஏற்றதா என்பதைச் சேர்ந்தே ஆராய்வோம்.