பரணில் பழைய கிரிக்கெட் அட்டைகளா?

மேற்கு மாம்பலம் வீட்டை ஒழிக்கும்போது பிக் ஃபன் பபிள்கம் படங்களோ, 90களின் ட்ரம்ப் கார்டு கட்டோ கிடைத்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

1. ரப்பர் பேண்டை இழுக்காமல் கத்தரியுங்கள். நம்மூர் வெயிலில் இளகி, டெண்டுல்கர் மூக்கோடு ஒட்டியிருக்கும்.

2. லேமினேஷன், செலோடேப் வேண்டவே வேண்டாம். ஒட்டினால் பிரிக்க முடியாது. பாலிப்ரொப்பிலீன் உறை நல்லது. மெத்தென்ற பிவிசி உறை நாளடைவில் பிசுபிசுக்கும்.

3. சிலிகா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் போட்டு, பீரோ மேல்தட்டில் வையுங்கள். பரணில் ராமபாணப் பூச்சி அரிக்கும். கீழ்த்தட்டா? 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் ஞாபகமிருக்கிறதல்லவா!

4. பின்பக்கத்துப் பென்சில் கையெழுத்தை, ரன் கூட்டலை அழிக்காதீர்கள். விற்பவருக்குத்தான் அது அழுக்கு.

5. இரட்டையாக இருப்பதைப் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுங்கள். பத்தே நிமிடத்தில் மூலை மடங்கும், மடங்கட்டுமே.