கம்ப்யூட்டர் தியரியும் நம்ம கணக்கு நோட்டும்



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் நம் குழுக் கூட்டங்களில் அதிகம் அடிபடும் பேச்சு, "பிள்ளைய எந்த குரூப்ல சேர்க்கிறது?" என்பதுதான். கணினி அறிவியல் உள்ள பிரிவில் சேர மகள் ஆசைப்பட்டால் பல வீடுகளில் வரும் பதில் இது: "வீட்ல கம்ப்யூட்டர் கிடையாது. எதை வச்சுப் படிப்பே? சந்தேகம் கேட்டா சொல்லித்தர எங்களுக்கும் தெரியாதே." இந்த ஒரு காரணத்தால் ஆசையை விட்டுவிடும் பெண் பிள்ளைகள் உண்டு. சேர்ந்த பிள்ளைகளிலும் சிலர் பாடத்தைப் புரியாமல் மனப்பாடம் செய்து, கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் திணறுகிறார்கள்.

தியரி பாடத்தைப் புரிந்து படிக்க வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. குழுக் கணக்கு தெரிந்த அம்மா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தாலே பெரிய உதவி. எப்படி என்று பார்ப்போம்.

மதிப்பெண் எங்கே இருக்கிறது?

தமிழ்நாட்டில் பிளஸ் டூ கணினி அறிவியலுக்கு மொத்தம் 100 மதிப்பெண். அதில் தியரிக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. தியரி 70-ல், ஒரு மதிப்பெண் கேள்விகள் மட்டும் 15. பிறகு 2, 3, 5 மதிப்பெண் கேள்விகள். பாடப்புத்தகம் தமிழிலேயே இருக்கிறது. செய்முறைக்குப் பள்ளி ஆய்வகம் வேண்டும், அந்த வகுப்பைத் தவறவிடக் கூடாது. மீதிக்குப் புத்தகமும் நோட்டும் போதும்.

உள்ளே போவது, வெளியே வருவது

பிளஸ் ஒன் பாடம் கம்ப்யூட்டரின் அடிப்படையில் தொடங்குகிறது. தரவு என்றால் என்ன, தகவல் என்றால் என்ன என்பது அதில் ஒரு முக்கியமான கேள்வி. நம் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு உறுப்பினரும் கட்டிய சேமிப்புத் தொகை வெறும் எண்கள். அது தரவு. ஊக்குநர் அதைக் கூட்டி, "இந்த மாதம் குழுச் சேமிப்பு இவ்வளவு, பாக்கி வைத்தவர்கள் இவர்கள்" என்று சொல்கிறார் அல்லவா? அது தகவல். கொடுத்தது உள்ளீடு, கூட்டியது செயலாக்கம், சொன்னது வெளியீடு. கம்ப்யூட்டரில் விசைப்பலகை வழியாக உள்ளீடு போகிறது, செயலி கணக்குப் போடுகிறது, திரையிலோ பிரிண்டரிலோ வெளியீடு வருகிறது.

அடுத்தது நினைவகம். கூட்டத்தில் சட்டென்று கணக்குப் போட ஊக்குநர் ஒரு சிலேட்டு வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்ததும் துடைத்துவிடுவார். ரேம் என்பது அது மாதிரி. கரண்ட் போனால் அதில் இருந்தது போய்விடும். பேரேட்டில் எழுதிப் பீரோவில் வைத்தது அடுத்த மாதமும் இருக்கும், ஹார்டு டிஸ்க் அது மாதிரி. "சேவ் பண்ணு, சேவ் பண்ணு" என்று ஆசிரியர் சொல்வதன் அர்த்தம், சிலேட்டில் இருப்பதைப் பேரேட்டில் ஏற்று என்பதுதான்.

நாலு எடைக்கல்

பிள்ளைகள் அதிகம் பயப்படுவது இருநிலை எண்களைக் கண்டுதான். கம்ப்யூட்டருக்கு 0, 1 என்ற இரண்டு இலக்கங்கள் மட்டுமே தெரியும். ஸ்விட்ச் அணைந்திருந்தால் 0, எரிந்தால் 1. இதை வைத்துப் பெரிய எண்களை எப்படி எழுதுவது?

8 கிலோ, 4 கிலோ, 2 கிலோ, 1 கிலோ என்று நாலு எடைக்கல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 13 கிலோ பருத்தி நிறுக்க வேண்டும். 8 வேண்டும், 4 வேண்டும், இரண்டும் சேர்ந்து 12. 2 வேண்டாம். 1 வேண்டும். வேண்டும் என்றால் 1, வேண்டாம் என்றால் 0 என்று வரிசையாக எழுதுங்கள்: 1101. 13-க்கு இருநிலை எண் இதுதான். 10 கிலோவுக்கு 8-ம் 2-ம் போதும், அதனால் 1010. ஒவ்வொரு கல்லும் அடுத்ததைப் போல இரண்டு மடங்கு. நாலு கல்லை வைத்து 15 வரை நிறுக்கலாம். 16 என்ற கல்லையும் சேர்த்தால் 31 வரை போகலாம்.

இப்படி ஒரு 0 அல்லது 1-க்குப் பெயர் பிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 1024 பைட் ஒரு கிலோபைட். எழுத்துகளுக்கும் எண் உண்டு. யூனிகோடு முறையில் நம் 'அ' எழுத்தின் எண் 2949. செல்போனில் 'அம்மா' என்று டைப் செய்தால் உள்ளே போவது எண்கள்தான்.

கடன் மனுவும் நெறிமுறையும்

ஒரு வேலையை வரிசை தப்பாமல், படிப்படியாக எழுதுவதற்கு நெறிமுறை என்று பெயர். அல்காரிதம் என்றும் சொல்வார்கள். நம் கடன் வசூல் இப்படித்தான் நடக்கிறது:

1. கடன் பாக்கியைப் பார். (6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்)
2. 100-க்கு மாதம் 1 ரூபாய் வீதம் வட்டி போடு. (60 ரூபாய்)
3. அசல் தவணை 500-ஐ வட்டியோடு கூட்டு. (560 ரூபாய்)
4. பணம் வாங்கியதும் பாக்கியில் 500-ஐக் கழி. (5,500 ரூபாய்)
5. பாக்கி 0 ஆகிவிட்டதா? ஆம் என்றால் கணக்கை முடி. இல்லை என்றால் அடுத்த மாதம் திரும்ப 1-க்குப் போ.

பாக்கி தீரும்வரை திரும்பத் திரும்பச் செய்வதைப் பாடத்தில் மடக்கு என்பார்கள். 'ஆம், இல்லை' கேட்கும் இடத்தைப் பாய்வுப்படத்தில் வைர வடிவத்தில் போட வேண்டும். கணக்குப் போடும் இடம் செவ்வகம். பிள்ளையிடம் இந்த ஐந்து படிகளையும் சாக்பீஸால் தரையில் பாய்வுப்படமாகப் போடச் சொல்லுங்கள். படி ஒன்று விட்டுப்போனால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், ஏனென்றால் இந்த வேலை உங்களுக்குத் தெரிந்தது. இதையே பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ் மொழியிலும், பிளஸ் டூவில் பைத்தான் மொழியிலும் எழுதப் படிக்கிறார்கள்.

இரண்டு லட்சுமி

ஒரு குழுவில் லட்சுமி என்ற பெயரில் இரண்டு பேர். யார் கட்டிய பணம் யார் கணக்கில் ஏறும்? அதனால்தான் உறுப்பினர் எண் போடுகிறோம். பிளஸ் டூ பாடத்தில் தரவுத்தளம் என்று ஒரு பகுதி வரும். அங்கே ஒவ்வொரு வரிசையையும் தனியாக அடையாளம் காட்டும் இந்த மாதிரி எண்ணுக்குப் பிரைமரி கீ என்று பெயர். அது இரண்டு பேருக்கு ஒன்றாக இருக்கக் கூடாது, காலியாகவும் இருக்கக் கூடாது. உங்கள் உறுப்பினர் பதிவேட்டைக் காட்டினால் பிள்ளைக்கு இது ஒரு நிமிடத்தில் புரியும்.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு?" என்று கேட்டால்

சொல்வதற்குப் பதில் இருக்கிறது. கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றுக்குப் படிப்படியான நெறிமுறை எழுதி 1843-ல் வெளியிட்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஏடா லவ்லேஸ் என்ற பெண். உலகின் முதல் புரோகிராமர் என்று பலரும் அவரைச் சொல்கிறார்கள். 1946-ல் அமெரிக்காவில் அறிமுகமான எனியாக் என்ற பெரிய கம்ப்யூட்டருக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள்.

பிள்ளையிடம் நாம் கற்க வேண்டியது

பிளஸ் ஒன் புத்தகத்தில் இணையப் பாதுகாப்பு பற்றியும் பாடம் இருக்கிறது. இதைப் பிள்ளை படிக்கும்போது நாமும் கேட்டுக்கொள்வது நல்லது. ஓடிபி என்பது நம் பீரோ சாவி மாதிரி. வங்கியில் இருந்து பேசுகிறோம் என்று யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. ஏமாந்து பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

• தினமும் அரை மணி நேரம் பிள்ளையைப் பாடத்தை உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் அவளுக்கும் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.
• "இது எதுக்கு? நம்ம குழுவுல இது மாதிரி எது இருக்கு?" என்று கேளுங்கள்.
• கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனி நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கல்லூரியில் ஆங்கிலச் சொல்தான் வரும்.
• நிரலை எழுதிப் பார்த்து, ஒவ்வொரு வரியிலும் விடை என்னவாகும் என்று பேப்பரில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் எத்தனை பேருடைய பிள்ளைகள் கணினிப் பாடம் படிக்கிறார்கள்? பெண்கள் எத்தனை பேர்?
2. வசதி இல்லை என்று ஆசையை விட்ட பிள்ளை யாராவது உண்டா? நாம் என்ன செய்யலாம்?
3. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் இந்தப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கக் கூட்டமைப்பு அலுவலகத்தில் இடம் கேட்டுத் தீர்மானம் போடலாமா?
4. 11, 20 ஆகிய எண்களுக்கு எடைக்கல் முறையில் இருநிலை எண் என்ன? எல்லோரும் போட்டுப் பாருங்கள். (விடை: 1011, 10100)